குழாய் விட்டுப் பார்ப்பதா, சிறுநீர்ச் சோதனை போதுமா?

முக்கூடலிலிருந்து பெரியப்பா போன் செய்தால் மழை, ஆற்றுத் தண்ணீர், அப்பாவின் சர்க்கரை என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். மூத்திரப்பைப் புற்றுக் கட்டியை எடுத்துவிட்டுக் கண்காணிப்பில் இருக்கிறவர், போன வாரம் நேரடியாகக் கேட்டுவிட்டார்.

"எம்மா, அடுத்த மாசம் மறுபடியும் மூத்திரப்பைக்குள்ள குழாய் விட்டுப் பாக்கணும்னு சொல்லுதாவ. பேரன் செல்லுல பாத்துட்டுச் சொல்லுதான், மூத்திரத்துல ஏதோ புரோட்டீன் டெஸ்ட்டு இருக்காம், அதுலயே தெரிஞ்சிருமாம். எனக்கு அது போதும்லா?"

பாளையங்கோட்டையில் ஒரு லேபில் பல வருஷமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். சிறுநீர் டப்பாக்களோடுதான் என் காலைப் பொழுது விடியும். ஆனாலும் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போனதைப் பெரியப்பா என்னிடம் சொல்லவில்லை. தம்பி மகளிடம் அதை எப்படிச் சொல்வது என்ற கூச்சம். பெரியம்மா 'சூடு' என்று முடிவு செய்து சிறுநெருஞ்சிக் கஷாயமும் வாழைத்தண்டுச் சாறும் கொடுத்தார்கள். ரத்தம் நின்றது. எல்லோருக்கும் நிம்மதி. இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தது, அப்புறமும் நின்றது. மூத்திரப்பைப் புற்றின் ரத்தம் அப்படித்தான், வரும், தானாகவே நிற்கும். நின்றதைக் குணமானதாக எடுத்துக்கொண்டு நாலு மாதம் போய்விட்டது. அந்த நாலு மாதம் இன்னும் என் மனதில் உறுத்துகிறது. அதனால்தான் அவர் கேட்ட கேள்விக்கு 'டாக்டர் சொன்னதைச் செய்யுங்க' என்று ஒரு வரியில் பதில் சொல்லாமல், உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். இதே கேள்வியோடு நெல்லைப் பக்கம் எத்தனையோ வீடுகள் இருக்கும் என்பதால் எழுதியும் வைக்கிறேன்.

பெரியப்பாவின் நிலைமை இது. மூத்திரப்பையில் இரண்டு சின்னக் கட்டிகள். வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர் வரும் வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். பயாப்சியில் இரண்டும் மேல்தோலோடு நின்றவை, தசைக்குள் இறங்கவில்லை, லோ கிரேடு, அதாவது மெதுவாக வளரும் சாதுவான வகை. மூன்றாம் மாதம் குழாய் விட்டுப் பார்த்ததில் சுத்தம். அதன்பிறகு பார்த்ததிலும் சுத்தம். அப்புறம் என்ன கவலை என்று கேட்கலாம். இந்தப் புற்றின் குணமே திரும்ப வருவதுதான். கண்டுபிடிக்கும்போது நாலில் மூன்று பேருக்கு இது மேலோட்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப்பட்டவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டி மறுபடி முளைக்கிறது. எனவே அறுவை முடிந்ததோடு வேலை முடியவில்லை. வருஷக்கணக்கில் உள்ளே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எதை வைத்துப் பார்ப்பது என்பதுதான் கேள்வி.

பேரன் சொன்ன புரோட்டீனின் பெயர் என்எம்பி 22. முதல் மூன்று எழுத்தும் நியூக்ளியர் மேட்ரிக்ஸ் புரோட்டீன் என்பதன் சுருக்கம். உட்கருச் சட்டகப் புரதம் என்று தமிழில் வைத்துக்கொள்கிறேன், அது செய்கிற வேலைக்கு அந்தப் பெயர் பொருந்துகிறது.

ஒரு செல்லின் உட்கருவுக்குள் ஏறக்குறைய 2 மீட்டர் நீளத்துக்கு டிஎன்ஏ இருக்கிறது. உட்கருவின் அகலமோ தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குதான். அவ்வளவு நீளத்தைச் சிக்கு விழாமல், வேண்டிய இடத்தை வேண்டிய நேரத்தில் பிரித்துப் படிக்கிற மாதிரி அடுக்கி வைக்க ஏதோ ஒன்று பிடித்துக்கொள்ள வேண்டும். பத்தமடையில் பாய் நெய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். முதலில் பாவு நூலை இழுத்துக் கட்டுவார்கள், பிறகுதான் கோரை. பாவு தளர்ந்தால் கோரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பாய் கோணிவிடும். உட்கருவுக்குள் அந்தப் பாவு வேலையைச் செய்வது இந்தப் புரதங்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

1974இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பெரெஸ்னி, டொனால்ட் காஃபி என்ற இருவர் எலியின் ஈரல் செல்களிலிருந்து உட்கருவைப் பிரித்து, உப்புக் கரைசல், சோப்பு போன்ற பொருள், டிஎன்ஏவைச் செரிக்கும் நொதி என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கழுவினார்கள். கொழுப்பும் போய் டிஎன்ஏவும் போன பிறகும் உட்கருவின் உருவம் குலையாமல் ஒரு புரத வலை மிஞ்சியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் நியூக்ளியர் மேட்ரிக்ஸ். அந்த வலை உயிருள்ள செல்லில் அப்படியே இருக்கிறதா, கழுவுகிற முறையில் உண்டாகிறதா என்ற வாதம் விஞ்ஞானிகளுக்குள் இன்றும் உண்டு. ஆனால் அதிலிருந்து கிடைத்த லாமின், நூமா போன்ற புரதங்கள் இருப்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நூமாவைத்தான் சிறுநீர்ச் சோதனையில் என்எம்பி 22 என்கிறார்கள்.

புற்றுக்கும் இதற்கும் என்ன உறவு என்பதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் கண்ணால் பார்த்தேன். எங்கள் லேபுக்கு வரும் நோயியல் மருத்துவர் ஒரு நாள் மைக்ராஸ்கோப்பை என் பக்கம் திருப்பி, "இதையும் பாரும்மா, அதையும் பாரும்மா" என்று இரண்டு ஸ்லைடு காட்டினார். முதலாவதில் உட்கருக்கள் உடைக்காத உளுந்து மாதிரி ஒரே அளவில், ஓரம் வழவழப்பாக இருந்தன. இரண்டாவதில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, கறுத்து, ஓரமெல்லாம் வற்றல் போட்ட சுண்டைக்காய் மாதிரி நெளிந்து கிடந்தன. பயாப்சியில் புற்று என்று எழுதுகிற மருத்துவர் நூறு வருஷத்துக்கு மேலாக முதலில் பார்த்து வருவது இந்த உருக்குலைவைத்தான். உருவத்தைத் தாங்குகிற சட்டகத்தில் உள்ள புரதங்கள் மாறியிருக்கின்றன என்பது பின்னால் தெரியவந்தது.

நூமாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில் அது சட்டகத்தை விட்டு இரண்டு முனைகளுக்கும் போய், குரோமோசோம்களைச் சரிபாதியாக இழுக்கும் கதிர்களை ஒழுங்குபடுத்துகிறது. பிரிந்து முடிந்ததும் திரும்ப உட்கருவுக்குள். புற்றுக் கட்டியில் செல்கள் ஓயாமல் பிரிகின்றன, ஓயாமல் சாகவும் செய்கின்றன. செத்த செல்லிலிருந்து நூமா கரைந்து சிறுநீரில் கலக்கிறது. நல்ல மூத்திரப்பையில் இதன் அளவு மிகக் குறைவு. கட்டி இருந்தால் பல மடங்கு கூடும். சோதனையின் அடிப்படை இவ்வளவுதான், அழகான யோசனை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1996இல் இதை, புற்று வந்தவர்களைக் கண்காணிக்கப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது. பிறகு கர்ப்பம் பார்க்கிற பட்டை மாதிரி கைக்குள் அடங்கும் வடிவிலும் வந்தது. நாலு சொட்டு சிறுநீர் விட்டு அரை மணி நேரம் பொறுத்தால், புரதம் கூடியிருந்தால் கோடு விழும், இல்லாவிட்டால் விழாது.

சரி, இப்போது எதிர்ப்பக்கம். குழாய் விட்டுப் பார்ப்பது, அதாவது சிறுநீர் வரும் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டு மூத்திரப்பையின் உள்ளே பார்க்கிற சிஸ்டோஸ்கோபி. ஆண்களுக்கு இது கடினம் என்பதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. வளையாத குழாயாக இருந்தால் இன்னும் கடினம். வளையும் குழாய் மெல்லியது, வலியும் குறைவு. எது இருக்கிறது என்று முன்னாலேயே கேட்டுக்கொள்வது நல்லது. மரத்துப்போகும் ஜெல்லை உள்ளே விட்டதும் ஐந்து, பத்து நிமிஷம் பொறுத்து ஆரம்பித்தால் அது வேலை செய்ய நேரம் கிடைக்கும். அவசரம் இல்லாத நேரமாகப் பார்த்து அந்தப் பொறுமையைக் கேட்டு வாங்கலாம். முடிந்த பிறகு ஒன்றிரண்டு நாள் எரியும், கொஞ்சம் ரத்தமும் தெரியலாம், நிறையத் தண்ணீர் குடித்தால் அடங்கும். காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் மட்டும் காத்திருக்காமல் ஓட வேண்டும்.

பெரியப்பாவுக்கு முதல் தடவை திரையில் காட்டினார்களாம். அதை அவர் சொன்ன விதத்தை நான் மறக்கமாட்டேன். "படித்துறையில கல்லுல ஒட்டுன பாசி தண்ணிக்குள்ள ஆடும்லா, அப்படியே ஆடுச்சும்மா." தாமிரபரணியில் அறுபது வருஷம் குளித்தவர். மூத்திரப்பைக்குள் விட்ட தண்ணீரில், விரல் விரலாகப் பிரிந்த கட்டி அசைவதை அதைவிடச் சரியாக நான் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இந்த முறையின் பலமும் அதுதான். இருக்கிறதா, எங்கே, எவ்வளவு பெரிது, ஒன்றா மூன்றா என்று நேரில் தெரியும். சந்தேகமான இடத்தில் ஒரு துணுக்கு கிள்ளியும் எடுக்கலாம். சிறுநீர்ச் சோதனை எதுவும் 'எங்கே' என்ற கேள்விக்குப் பதில் சொல்லாது.

அதற்காகக் கண்ணால் பார்ப்பதே கடைசித் தீர்ப்பு என்றும் நான் நினைக்கவில்லை. இந்த இடத்தில் எண்களைப் பார்க்க வேண்டும், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2006இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பெரியப்பா மாதிரியே, ஏற்கனவே மூத்திரப்பைப் புற்று வந்து கண்காணிப்பில் இருந்த 668 பேர். அவர்களில் 103 பேருக்குக் கட்டி திரும்ப வந்திருந்தது. குழாய் விட்டுப் பார்த்ததில் 94 பேருக்குக் கண்டுபிடித்தார்கள், 9 பேருக்குத் தப்பிவிட்டது. என்எம்பி 22 பட்டை மட்டும் பிடித்தது 51 பேரை, அதாவது பாதி. ஆனால் குழாய்க்குத் தப்பிய அந்த 9 பேரில் 8 பேரைப் பட்டை பிடித்திருந்தது. இரண்டும் சேர்ந்தபோது 103இல் 102.

இந்த ஒரு ஆய்வுக்குள்ளேயே இரண்டு பக்கத்துக்கும் பதில் இருக்கிறது. பேரன் செல்போனில் பார்த்தது கடைசி வரியாக இருக்கும், 'நூற்றுக்கு 99' என்று. அது இரண்டும் சேர்ந்த கணக்கு. பட்டையை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? புற்று திரும்பாத 565 பேரில் நூற்றுக்கு 87 பேருக்குச் சரியாக 'இல்லை' என்று காட்டியது. அது சுமார் 493 பேர். கட்டி இருந்தும் 'இல்லை' என்று காட்டியது 52 பேருக்கு. கூட்டினால் 'இல்லை' என்ற முடிவோடு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்கக்கூடியவர்கள் 545 பேர், அவர்களில் 52 பேரின் மூத்திரப்பையில் கட்டி இருந்திருக்கிறது. ஏறக்குறைய பத்துக்கு ஒருவர். பெரியப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். பத்துப் பேர் பஸ்ஸில் ஏறி 'ஒண்ணுமில்ல' என்று ஊருக்குத் திரும்புகிறார்கள், ஒருவருக்கு இருக்கிறது, யாருக்கு என்று தெரியாது. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "கட்டி இருக்கவன்ல பாதிப் பேரத்தான் பிடிக்கும்னா, அத எப்படிம்மா நம்புறது?" என்றார்.

கோடு விழுந்துவிட்டால் புற்று என்று அர்த்தமா? அதுவும் இல்லை. அதே ஆய்வில் கட்டி இல்லாத 72 பேருக்குக் கோடு விழுந்திருக்கிறது. நல்ல செல் செத்தாலும் நூமா கரையத்தான் செய்யும். சிறுநீர்த் தொற்று, கல், சிறுநீர்ப் பாதைக்குள் வைத்திருக்கும் ஸ்டென்ட் குழாய், ரத்தக் கசிவு, சமீபத்தில் குழாய் விட்டது, மூத்திரப்பைக்குள் மருந்து விட்டது, எதனாலும் கோடு விழலாம். நம் பக்கத்து வெயிலில் கல் இல்லாத வீடு குறைவு. வள்ளியூர், நாங்குநேரி, ராதாபுரம் பக்கமிருந்து எங்கள் லேபுக்கு வருகிறவர்களின் சிறுநீரில் உப்புப் படிகமும் ரத்த அணுவும் தினசரிக் காட்சி. அந்தச் சிறுநீரை இந்தப் பட்டையில் விட்டால் எத்தனை வீட்டில் அன்றிரவு தூக்கம் போகும் என்று யோசிக்கிறேன். எனவே இதைச் செய்வதானால் முதலில் சாதாரண யூரின் டெஸ்ட், தொற்று இருந்தால் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர், அதைச் சரிசெய்த பிறகுதான் பட்டை. இந்த வரிசையை மாற்றவே கூடாது. குழாய் விட்ட பிறகு மாதிரி கொடுப்பதும் வீண், குழாய் உரசியதே போதும் புரதத்தைக் கூட்ட. முன்னால் கொடுக்க வேண்டும்.

புற்று இருக்கிறதா என்று புதிதாகத் தேடுபவர்களுக்குக் கணக்கு இன்னும் சறுக்கும். 2005இல் அதே இதழில் வந்த ஆய்வில், ரத்தம் போவது போன்ற அறிகுறியோ புகைப் பழக்கம் போன்ற ஆபத்தோ இருந்த 1331 பேரைப் பார்த்தார்கள். 79 பேருக்குப் புற்று. பட்டை பிடித்தது 44 பேரை. புற்று இல்லாத 179 பேருக்கும் கோடு விழுந்தது. அதாவது கோடு விழுந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் உண்மையில் புற்று. முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் இதைச் சேர்த்து யாராவது விற்க வந்தால், அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் வாங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாவது வழி யூரின் சைட்டாலஜி. சிறுநீரில் உதிர்ந்த செல்களை ஸ்லைடில் பரப்பி, சாயமேற்றி, நான் மேலே சொன்ன உளுந்தா வற்றலா என்று மருத்துவர் பார்ப்பது. இது பழைய முறை, மலிவு, எல்லா ஊரிலும் நடக்கும். இதில் 'புற்று' என்று வந்தால் பெரும்பாலும் புற்றுதான். 2005 ஆய்வில் புற்று இல்லாதவர்களில் நூற்றுக்கு 99 பேருக்குச் சரியாக 'இல்லை' என்றது. ஆனால் இருப்பதைப் பிடிப்பதில் மிகவும் பின்தங்கியது. 2006 ஆய்வில் சைட்டாலஜி செய்தவர்களில் புற்று இருந்தோர் 98 பேர், பிடிபட்டவர்கள் 12 பேர். காரணம் எளிது. லோ கிரேடு கட்டியின் செல் பார்ப்பதற்கு நல்ல செல் மாதிரியே இருக்கும், உருக்குலைவு அதிகம் இருக்காது. ஹை கிரேடு, அதாவது வேகமாக வளரும் முரட்டு வகை என்றால் கதை மாறும். தட்டையாகப் படர்ந்து, குழாய் விட்டுப் பார்த்தாலும் வெறும் சிவப்பாகத் தெரிகிற வகை ஒன்று உண்டு. மோசமான அந்த வகையைச் சைட்டாலஜி நன்றாகவே பிடிக்கும். ஹை கிரேடு வந்தவர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

சைட்டாலஜிக்கு மாதிரி கொடுப்பதில் ஒரு விஷயம். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரைக் கொண்டு வராதீர்கள். ராத்திரி முழுக்க மூத்திரப்பையில் ஊறிய செல் சிதைந்து போயிருக்கும். இரண்டாவது தடவை போவதைப் பிடியுங்கள், மூன்று நாள் தொடர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு அம்மா வீட்டுக்காரரின் முதல் சிறுநீரை முந்தின நாள் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்து மடிக்குள் பொத்திக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு அக்கறையாகக் கொண்டுவந்ததைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

ஸ்கேன் போதாதா என்று கேட்பவர்கள் பலர். நெல்லை வண்ணாரப்பேட்டையிலும் ஹைகிரவுண்ட் சுற்றிலும் ஸ்கேன் சென்டருக்குக் குறைவில்லை, வலியும் இல்லை. ஆனால் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்டில் சின்னக் கட்டியும் தட்டையான படர்வும் தெரியாமல் போகலாம். சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க அது உதவும். மூத்திரப்பைக் கண்காணிப்பை அதன் கையில் ஒப்படைக்க முடியாது. ஃபிஷ் என்றொரு குரோமோசோம் சோதனையும் உண்டு, உதிர்ந்த செல்லில் 3, 7, 17ஆம் குரோமோசோம்களும் 9ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் கூடிக் குறைந்திருக்கின்றனவா என்று பார்ப்பது. மாதிரி வெளியூர் போக வேண்டும், செலவும் கூடுதல். குழாயில் ஒன்றும் தெரியாமல் சைட்டாலஜி சந்தேகமாக வரும்போது மருத்துவர் கேட்டால் செய்யலாம், நாமாகக் கேட்டு வாங்குகிற சோதனை அல்ல.

சட்டகப் புரதங்களில் என்எம்பி 22 ஒன்றோடு கதை முடியவில்லை. பிஎல்சிஏ 4 என்ற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். புற்று வந்தவரின் மூத்திரப்பையில் கட்டியில் மட்டுமல்லாமல், பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் பகுதியிலும் அது இருக்கிறது, புற்று இல்லாதவரின் மூத்திரப்பையில் இல்லை. அதாவது கட்டி முளைத்த இடம் மட்டும் கெட்டுப்போகவில்லை, நிலமே மாறியிருக்கிறது. வெட்டி எடுத்த பிறகும் வேறு இடத்தில் ஏன் முளைக்கிறது என்பதற்கு இது ஒரு நல்ல விளக்கம், அதனால் எனக்கு இதில் ஆர்வம் அதிகம். ஆனால் அன்றாடப் பயன்பாட்டுக்கு அது வந்து சேரவில்லை. மார்பகப் புற்றில் சாட்பி 1 என்ற சட்டகப் புரதம் டிஎன்ஏ சுருள்களை மாற்றிக் கட்டி, பரவுவதற்கு உதவும் மரபணுக்களைத் திறந்துவிடுகிறது என்று 2008இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆராய்ச்சி இந்தத் திசையில் போக வேண்டும், போகும். இப்போது முடிவெடுக்க வேண்டியவர் கையில் இருப்பது மேலே சொன்னவைதான்.

இனி ஒப்பிட்டு எடுத்த முடிவு. எந்தச் சோதனை நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. பயாப்சி காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எது தப்பினால் எவ்வளவு நஷ்டம் என்று கேட்க வேண்டும்.

ஹை கிரேடு என்று எழுதியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை. முதல் 2 வருஷம் 3 மாதத்துக்கு ஒரு தடவை குழாயும் சைட்டாலஜியும், பிறகு 5 வருஷம் வரை 6 மாதத்துக்கு ஒரு தடவை, அதற்கப்புறம் வருஷம் ஒன்று. ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால் தசைக்குள் இறங்கிவிடக்கூடிய நோய் இது, இறங்கினால் மூத்திரப்பையையே எடுக்க வேண்டி வரலாம். இந்த இடத்தில் பட்டை 'இல்லை' என்று காட்டியதை நம்பி ஒரு தடவை தவறவிட்டவருக்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

ஒரே ஒரு சின்னக் கட்டி, லோ கிரேடு, முதல் தடவை என்றால் குழாயே குறைவு. 3ஆம் மாதம் ஒன்று, சுத்தமாக இருந்தால் அடுத்தது ஒரு வருஷம் முடியும்போது, பிறகு வருஷத்துக்கு ஒன்று. இதை யாரும் சொல்லாததால் ஆயுசுக்கும் மாதாமாதம் குழாய் என்று பயந்து ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பயந்து ஓடுவதற்கு முன்னால் 'எனக்கு எந்த வகை, எத்தனை தடவை' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

பெரியப்பா இரண்டுக்கும் நடுவில். லோ கிரேடுதான், ஆனால் இரண்டு கட்டி. முதல் இரண்டு வருஷம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்வார்கள். ஒரு உண்மையை அவரிடம் மறைக்கவில்லை. லோ கிரேடு கட்டி சில மாதம் தாமதமாகப் பிடிபட்டாலும் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இல்லை. பட்டைக்குத் தப்புவதும் பெரும்பாலும் அந்த மாதிரிச் சின்ன, சாதுவான கட்டிகள்தான். எழுபது எண்பது வயதாகி, குழாயைத் தாங்க முடியாதவருக்கு, இரண்டு வருஷம் சுத்தமாகப் போன பிறகு, நடுவில் ஒரு தடவை குழாய்க்குப் பதில் சிறுநீர்ச் சோதனை வைத்துக்கொள்ளலாமா என்று சிறுநீரக மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி. பெரியப்பாவுக்கு அறுபத்தாறு, கட்டியை எடுத்து இன்னும் இரண்டு வருஷம் ஆகவில்லை. இப்போது வேண்டாம் என்றேன்.

பட்டையை அடியோடு ஒதுக்கவும் எனக்கு மனமில்லை. குழாய்க்குத் தப்பிய 9 பேரில் 8 பேரைப் பிடித்த சோதனை அது. எனவே எங்கள் முடிவு இப்படி ஆனது. குழாய் விடுவதற்கு ஒரு வாரம் முன்னால் சாதாரண யூரின் டெஸ்ட். தொற்று இல்லை என்றால் சைட்டாலஜியும், கிடைத்தால் பட்டையும். எங்கள் லேபில் பட்டை இருப்பு வைப்பதில்லை, சொன்னால் வரவழைக்கலாம். முடிவோடு மருத்துவரிடம் போனால், கோடு விழுந்திருக்கும் பட்சத்தில் சிவந்த இடம் ஒவ்வொன்றையும் அவர் இரண்டாவது தடவை பார்ப்பார். கோடு விழாவிட்டாலும் குழாய் நடக்கும். பட்டைக்குப் பணம் இல்லையென்றால் விட்டுவிடலாம், குழாயை விடக் கூடாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போய், எது எதற்குச் செல்லும் என்று முன்னாலேயே கவுண்டரில் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உள்ள திட்டம், பலர் அட்டையை அலமாரியிலேயே வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று கேட்டேன், போனில் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. "பீடி விட்டாச்சா பெரியப்பா?"

முக்கூடலில் பீடி என்பது வயிற்றுப்பாடு. பெரியம்மா மடியில் முறத்தை வைத்து இலை வெட்டி, தூள் போட்டு, சுருட்டி, நூல் கட்டித்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அந்த முறத்திலிருந்தே ஒன்றை எடுத்துப் பற்றவைப்பது பெரியப்பாவின் பழக்கம். புகையில் உள்ள அரோமேட்டிக் அமீன் என்ற பொருள்கள் நுரையீரல் வழியாக ரத்தத்துக்குப் போய், சிறுநீரகம் வடிகட்டி, மூத்திரப்பையில் மணிக்கணக்கில் தங்குகின்றன. மூத்திரப்பைப் புற்றில் ஏறக்குறைய பாதிக்குப் புகைதான் காரணம். கட்டியை எடுத்த பிறகும் பிடித்தால் திரும்ப வரும் வாய்ப்பு கூடுகிறது. குழாய், பட்டை, ஸ்லைடு எல்லாம் வந்ததைக் கண்டுபிடிக்கிறவை. வருவதைக் குறைக்க அவர் கையில் இருப்பது இது ஒன்றுதான், காசும் ஆகாது.

"ஒரு நாளைக்கு ரெண்டு மூணுதான்" என்றார். பொய் சொல்லவில்லை, முன்பு ஒரு நாளைக்கு ஒரு கட்டுக்கு மேல். "அந்த ரெண்டு மூணும் வேண்டாம்" என்றேன். பெரியம்மா பக்கத்திலிருந்து போனை வாங்கி, "நீ சொன்னா கேப்பாவ, இன்னொரு தடவ சொல்லு" என்றார்கள். இன்னொரு தடவை சொன்னேன்.

வருகிற வியாழக்கிழமை யூரின் டெஸ்ட்டுக்கு வருகிறார், இரண்டாவது சிறுநீரைத்தான் பிடிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. குழாய்க்கு அடுத்த வாரம் தேதி. பெரியம்மாவை வர வேண்டாம் என்கிறார், கூச்சம் இன்னும் போகவில்லை. அன்றைக்கு நான் லீவு சொல்லியிருக்கிறேன்.